மீட்டர் சொல்லுச்சி, பல்பு ஒத்துக்கல

மோட்டார் கரண்ட் வேலை பாக்குறவனுக்கு ஷாக்கை விடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு: அவன் கைபட்ட மோட்டார் தீஞ்சிட்டா அப்புறம் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. வயர்மேன் தோஸ்துங்களுக்கு இதை நான் சொல்லியா தெரியணும்?

விழுப்புரத்துல நம்பர் மீட்டர்

எண்பதுகள்ல மெட்ராஸ் போய் டிஜிட்டல் மீட்டர் வாங்கினு வந்தேன். முள்ளு ஆடாது, நேரா நம்பர்தான். எங்க ஏரியா வயர்மேன் ஒருத்தன்கிட்டயும் கெடையாது, சும்மா இருக்க முடியுமா? தோள்ல மாட்டிக்கினுதான் திரிவேன். ரைஸ் மில்லுல வெச்சிப் பாக்குறேன், மூட்டை தூக்குறவங்க எல்லாம் வேலையை வுட்டுட்டு சுத்தி நின்னுட்டாங்க. மில் ஓனர் எட்டிப் பாத்துட்டுக் கேட்டாரு: "இன்னா மேஸ்திரி, இதுல சிலோன் ரேடியோ எடுக்குமா?"

சாயங்கால வோல்டேஜ்

திண்டிவனத்துல மரம் அறுக்குற மில்லு. சாயங்காலம் ஆனா மோட்டார் கொதிக்குது. பல்பு மங்கலா எரியுது, எவ்ளோ கம்மின்னு அது சொல்லுமா? மீட்டர் சொல்லுச்சி: நானூறு வர வேண்டிய எடத்துல முன்னூத்தி முப்பது. "வோல்டேஜ் ஏறுற வரைக்கும் ஓட்டாதீங்க"ன்னேன். கேட்டுக்கினாரு, மோட்டார் பொழைச்சிது. கெளம்புறப்போ முதலாளி சொன்னாரு: "அந்தப் பொட்டிக்கும் ஒரு டீ சொல்லுங்கடா!"

ஓமந்தூர் கிணறு

ஓமந்தூர்ல மங்காத்தா அக்கா, தனியாளா பயிர் வெக்கிறவங்க. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காய் புடிக்கிற நேரம். அப்போ தண்ணி இல்லன்னா அத்தனையும் பொக்கு. கிணத்து மோட்டார் உறுமுது, சுத்தல. மீட்டரை வெச்சேன், மூணு லைனும் அம்சமா நானூறு. அப்போ கோளாறு மோட்டார்லதான், கழட்டி காயில் கட்டணும்னேன். அக்கா மொகம் செத்துப் போச்சி. "கட்டி வர்றதுக்குள்ள என் கொல்லை காஞ்சிடுமே தம்பி"ன்னாங்க.

எனக்கும் மனசு கேக்கல. பையில கெடந்த டெஸ்ட் லேம்பை எடுத்தேன். ரெண்டு பல்பு, ரெண்டு வயரு, அவ்ளோதான். மொத ரெண்டு லைன்ல பளிச்சின்னு எரிஞ்சிது. மூணாவது லைனைத் தொட்டா மூச்சே இல்ல. போர்டைப் பிரிச்சா, ஃபியூஸ் கட்டைக்குப் பின்னாடி ஜாயின்ட் கரியாப் போயி பேருக்கு ஒட்டிக்கினு நிக்குது. மீட்டருக்கு எறும்பு சாப்பாடு அளவு கரண்ட் போதும், நம்பரைக் காட்டிடும். பல்புக்கும் மோட்டாருக்கும் வயிறு நெறையணும். கரிஞ்சதை வெட்டிட்டுப் புதுசா முறுக்கினேன். ஸ்டார்ட்டரை அமுத்தினதும் தண்ணி குபுகுபுன்னு வந்து விழுந்துச்சி. அடேங்கப்பா, அன்னிக்கி எனக்கு இருந்த பெருமை! அக்கா வாய்க்கால்ல எறங்கி நின்னுக்கினு சொன்னாங்க: "மோட்டாரைக் கழட்டாம சரி பண்ணியே, அதாம்பா வேலை!"

அதுலேர்ந்து மீட்டர் சொல்றதை எல்லாம் மரியாதையாக் கேட்டுக்குவேன், ஸ்பேனரை மட்டும் பல்பைக் கேட்டுட்டுத்தான் எடுப்பேன்.