வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வா

சீனிச்சாமிக்கு எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் வேலை. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். போடிமெட்டுக்குக் கீழே மதுவிலக்கு. மெட்டைத் தாண்டினால் மலையாளத்துச் சாராயக்கடை. எஸ்டேட் அந்தப் பக்கம் இருந்ததால் சட்டம் அவனை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் சாராயம்தான். குடித்த கையோடு நாலு ஏலக்காயை மென்றால் வாடை போய்விடும் என்று மலையில் அத்தனை ஆண்களும் நம்பினார்கள். பெண்டாட்டிமார் மட்டும் நம்பவில்லை. புருசன் மேல் ஏலக்காய் மணம் அடித்தால் அவன் குடித்திருக்கிறான் என்று அவர்களுக்கு அர்த்தம்.

மகள் பேச்சி மலைக்காய்ச்சலில் செத்தபோது அவன் கடையில் கிடந்தான். காரியம் முடிந்ததும் மனைவி வீரலட்சுமி ஒரு வார்த்தை பேசாமல் மலையிறங்கி, ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சீனிச்சாமி அழவில்லை. அழுகை வராதது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. விறகு தள்ளினான், கஞ்சி குடித்தான், சாராயமும் குடித்தான். எதிலும் ஒரு ருசியும் இல்லை.

ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிற ஜக்கையன்தான் அவனை முதலில் பிடித்தவன். அவனும் ஒரு காலத்தில் மொடாக்குடியன்.

“என்ன அப்பு, காய மென்னுட்டு வந்திருக்க? அதுவும் எங்கிட்டயா? நான் மென்ன காய்க்கு ஒரு எஸ்டேட்டே வாங்கியிருக்கலாம்.”

“இப்பக் குடிக்கிறதில்லையாண்ணே?”

“இன்னைக்கு இல்ல. நாளைக்கு எப்படியோ. ஞாயித்துக்கிழமை போடியில நாங்க கொஞ்சப் பேரு உக்காருவோம். வர்றியா?”

ஞாயிற்றுக்கிழமை சீனிச்சாமி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். ஜீப்பு போன இடத்துக்குப் போனான்.

அது ஜெயபாக்கியத்தம்மாளின் மண்டிக்குப் பின்னால், காய் தரம் பிரிக்கிற கொட்டகை. அம்மாளின் புருசன் குடித்தே போய்ச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை அம்மாள் வேதக்கோயிலுக்குப் போகிற நாள், மண்டியில் வேலை கிடையாது. கொட்டகையை இவர்களுக்கு விட்டிருந்தார். வாசலில் தண்ணீர்ப் பானை. வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சுற்றிலும் மூட்டை மூட்டையாக ஏலக்காய். ஒரு காயை வாயில் போடக் கூடாது. அவனவன் தன் கதையைச் சொல்லலாம். கேட்பவர்கள் பதில் பேசக் கூடாது, புத்தி சொல்லவே கூடாது. ஊரில் புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்! ‘குடித்தேன்’ என்று ஒப்புக்கொண்டால் போலீஸ் வந்து அள்ளிப்போகிற காலம் அது. இருந்தும் அங்கே எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

சீனிச்சாமி வாரா வாரம் போய் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் அழுதால் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பது நின்றது. பிறகு மற்றக் கிழமைகளிலும் நின்றது.

குடியை விட்ட தைரியத்தில் ஒரு நாள் ஸ்டோரிலிருந்து நேரே ராசிங்காபுரம் போனான். வீரலட்சுமி கதவைத் திறந்தாள். கிட்டே வந்தாள். முகம் மாறிவிட்டது.

“காய மென்னுட்டு எங்கிட்டயே வர்றியா? போய்யா.”

அவன் ஒரு காயைக்கூடத் தொடவில்லை. ஸ்டோர்க்காரனுக்குச் சட்டை, தலைமுடி, தோல் எல்லாம் அந்த மணம்தான். இது தெரியாதா பாவிப்பயலுக்கு? குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாதா? அவன் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. கோபமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. திரும்பி நடந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் முதல்முறையாகப் பேசினான். கதவு சாத்தியதை மட்டும் சொன்னான். தண்ணீர் கொண்டுவந்த ஜெயபாக்கியத்தம்மாள் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு ராசிங்காபுரம் போய், “ஒம் புருசனுக்குப் பரிஞ்சு பேச வரல ஆத்தா. ஒரு வாரம் வந்து அங்க உக்காந்து பாரு. அப்புறம் ஒன் இஷ்டம்” என்றார்.

அந்த வாரமே வீரலட்சுமி வந்துவிட்டாள். எல்லோரையும் போல வாய் கொப்பளித்துவிட்டு மூட்டை ஓரமாக உட்கார்ந்தாள். அவன் முறை வந்தது. பேச்சி செத்த நாளைச் சொன்னால் இவள் இனி ஒரு நாளும் தன்னோடு வாழ வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருந்தது பொய்.

“எம் பிள்ள காய்ச்சல்ல கெடந்துச்சு. நான் கடையில கெடந்தேன். கூப்பிட ஒரு சின்னப்பய வந்தான். வெரசா வர்றேன் போன்னேன். போகல.”

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னான். அடுத்து ஜக்கையன் பேச வேண்டும். ஆனால் வீரலட்சுமி பேசினாள்.

“நானும் சொல்லணும். அன்னைக்கு அவரு வீட்டுலதான் இருந்தாரு. போதையில சத்தம் போட்டுக்கிட்டுக் கெடந்தாரு. பிள்ள கண்ணசரட்டும், நீ போயி இன்னும் குடிச்சுத் தொலைன்னு நாந்தான் வெளியில தள்ளிக் கதவச் சாத்துனேன். அவருக்கு அது நெனப்பே இல்ல. பிள்ளைக்கு இழுக்க ஆரம்பிச்சப்ப, தூக்கிட்டு எறங்க எனக்கு ஆளில்ல. நாந்தானே அனுப்புனேன்.”

அவள் இத்தனை காலம் பேசாமல் இருந்தது இதனால்தான். அங்கே யாரும் பதில் பேசக் கூடாது.

சீனிச்சாமி எழுந்துவிட்டான். “இல்ல புள்ள, ஒம்மேல தப்பில்ல. ஒம்மேல இல்ல” என்று கத்தினான். “பேச்சி” என்றான். அதற்கு மேல் சொல்ல முடியாமல் மகள் செத்ததிலிருந்து வராத அழுகை வந்துவிட்டது. ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. வீரலட்சுமி எழுந்து வந்து, அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.