மூன்றாவது இயர்போன்

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குத் தந்த இயர்போனில் வலது பக்கம் வேலை செய்யவில்லை. ரெக்கோடரில் செருகும் பின்னுக்குக் கிட்ட வயரை ஒரு மாதிரி வளைத்துப் பிடித்தால் கொஞ்ச நேரம் கேட்கும். கையை எடுத்தால் போய்விடும். எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவர் வளைத்த இடத்தில் இன்சுலேசன் டேப் சுற்றி, அதற்கு மேல் ஒரு ரப்பர் வளையமும் போட்டுவைத்திருந்தார். அவரும் அதோடு மல்லுக்கட்டித்தான் இருக்கிறார்.

எங்கள் அலுவலகம் உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருந்தது. சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பங்களிடம் வாக்குமூலம் எடுத்து, எழுத்தாக்கி, கொழும்புக்கு அனுப்புவதுதான் எங்கள் வேலை. மொத்தம் மூன்று பேர். பொறுப்பாக ஒரு அம்மா இருந்தார். தம்பலகாமத்தில் இருந்து பஸ்ஸில் வரும் ஒரு அண்ணை வீடு வீடாகப் போய்ச் சின்ன ரெக்கோடரில் பதிந்துகொண்டு வருவார். அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது நான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. லிங்கநகரில் இருந்து சைக்கிளில் வந்து போவேன்.

அந்த முதல் இயர்போன் ரெக்கோடரோடு வந்தது. தட்டையான கறுப்பு வட்டம், மேலே சின்ன ஸ்பொஞ்ச். ஸ்பொஞ்ச் எப்போதோ கிழிந்துபோனதால் பிளாஸ்டிக் நேரே காதில் குத்தியது. சத்தம் தகரப் பேணிக்குள் இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும். ஒருமுறை ஒரு தாய் தன் மகனுடைய வயதைச் சொன்னார். பதினாறா பதினாலா என்று எனக்குப் பிடிபடவில்லை. எட்டுத் தரம் கேட்டேன். கடைசியில் அம்மா அந்தத் தாய்க்கு டெலிபோன் எடுத்துக் கேட்க வேண்டியதாகப் போய்விட்டது. மகன் கிடைத்துவிட்டான், அதைச் சொல்லத்தான் எடுக்கிறார்கள் என்று அந்த மனுசி நினைத்திருக்கிறா. அம்மா டெலிபோனை வைத்துவிட்டு, இனி எதையும் கேட்டு ஆருக்கும் எடுக்கவேண்டாம், விளங்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று போட்டுவிடு என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் போட்டேன்.

இரண்டாவதை பஸ் நிலையத்துக்கு முன்னால் பரப்பி வைத்து விற்பவனிடம் நானே வாங்கினேன். வெள்ளை நிறம், பளபளவென்று பார்க்க வடிவாக இருந்தது. காதில் போட்டதும் தும் தும் என்று நிறைந்து வந்தது. பாட்டுக் கேட்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் நான் கேட்டது பாட்டு அல்லவே. ஃபேன் சுற்றுவது, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர், தெருவில் போகும் ட்ரக், எல்லாவற்றையும் அது பெருப்பித்துக் காட்டியது. மனிதக் குரல் அதற்குக் கீழே எங்கேயோ கிடந்தது. அழுகிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். அந்த வெள்ளை இயர்போனில் அவர்கள் இல்லாமலே போனார்கள்.

ஒரு மாதத்துக்குள் அதன் இடது பக்கம் ஒட்டு விட்டுப் பிளந்தது. அண்ணை பிளேட்டால் திறந்து காட்டினார். தலைமயிரை விட மெல்லிய செம்புக் கம்பி, கடற்காற்றில் பச்சை பிடித்துப் போயிருந்தது. "உள்ளுக்கு ஒரு முடிச்சுக்கூடப் போடேல்லை, தங்கச்சி. இழுத்தா இழுவை முழுக்க இந்த ஒட்டிலதான் விழும். பிறகு எப்படி நிக்கும்?" என்றார். இந்த விசயத்தில் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ரெக்கோடரைத் துணியில் சுற்றித்தான் பையில் வைப்பார். நல்ல சத்தம், கெட்ட சத்தம் என்று மணிக்கணக்காகக் கதைப்பார். நாங்கள் மற்றதைக் கதைக்கப் பயந்த காலம். இதைக் கதைப்பதில் ஒரு ஆறுதல் இருந்தது.

மூன்றாவதைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கட்டாரில் இருந்த அவருடைய தம்பி அனுப்பியது. காதுத் துளைக்குள் போகிற மாதிரி ரப்பர் குமிழ் வைத்தது, மூன்று அளவில் மாற்றுக் குமிழும் இருந்தது. வயர் தடிப்பமாகவும் மெத்தென்றும் இருந்ததால் சுருட்டிப் போட்டாலும் சிக்கவில்லை. பின் நேராக இல்லாமல் மடங்கியிருந்தது; அதன் கழுத்தில் ரப்பர் படிப்படியாக மெலிந்து வயரோடு சேர்ந்தது. முதலாவது முறிந்தது அந்தக் கழுத்தில்தானே. ஒரே ஒரு குறை, வயர் சட்டையில் உரசினால் அந்தச் சரசரப்பு காது வரை வரும்.

அண்ணையிடம் சோதிப்பதற்கென்றே ஒரு பதிவு இருந்தது. தம்பலகாமத்தில் அவருடைய வீட்டு வளவுக்கு முன்னால் நின்று எடுத்தது. உழவு மெசின் ஒன்று இரைந்துகொண்டு போகும். மயில் அகவும். இவ்வளவுக்கும் பின்னால், குசினிப் பக்கமிருந்து அவருடைய மனுசி சாப்பிடக் கூப்பிடுவா. அந்தக் கூப்பிடுதல்தான் சோதனை. கறுப்பு இயர்போனில் ஒரு கீச்சென்ற சத்தமாகக் கேட்கும், சொல் விளங்காது. வெள்ளையில் மெசின் மட்டும்தான். மூன்றாவதைப் போட்டதும், "சோறு ஆறுது, வாங்கோவன்" என்று அவ எனக்குப் பக்கத்தில் நின்று சொன்ன மாதிரிக் கேட்டது. அண்ணை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதிகமில்லை.

அந்த இயர்போனை எனக்கே தந்துவிட்டார். ஆனால் அதைப் போட்டால் வெளியில் என்ன நடந்தாலும் தெரியாது. ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும், துறைமுகப் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கியிருக்கிறது. அம்மாவும் அண்ணையும் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள். நான் ஒன்றும் அறியாமல் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். மேசை ஆடியது, ட்ரக் போகிறது என்று நினைத்தேன். அண்ணை கீழே இருந்தபடி வயரைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தபோதுதான் வெளிச் சத்தம் முழுவதும் ஒன்றாக வந்து என் காதில் விழுந்தது. யன்னல் கண்ணாடி ஒன்று என் கதிரைக்குப் பின்னால் நொறுங்கிக் கிடந்தது. இயர்போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்யப் பழகினேன்.

சில வாரம் கழித்துக் கொழும்பில் இருந்து ஒரு பட்டியல் வந்தது. 'தெளிவில்லை' என்று அதிகமாகப் போட்ட வாக்குமூலங்களைத் திரும்பக் கேட்டு எழுதும்படி சொல்லியிருந்தார்கள். அதில் அன்புவழிபுரத்துப் பெண் ஒருவருடையதும் இருந்தது. புருசன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வேலை முடிந்து வரும் வழியில் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். சைக்கிள் மட்டும் சந்தியில் மதிலோடு சாத்தி வைத்தபடி கிடைத்தது. 'கொண்டுபோனவரைத் தெரியுமா?' என்ற கேள்விக்குக் கீழே நான் 'தெளிவில்லை' என்று போட்டு, அடுத்த வரியில் 'ஆரென்று தெரியாது' என்று எழுதியிருந்தேன்.

இந்தமுறை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு கேட்டேன். ஃபேன் சத்தம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. அந்தப் பெண் மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக ஒரு பெயரைச் சொன்னா. முழுப் பெயர். எனக்கும் தெரிந்த பெயர், அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். உடனே ஒரு ஆண்குரல், வாய்க்குள்ளேயே, "அதை விடுங்கோ அக்கா, சொல்லாதேங்கோ" என்றது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் உரத்துச் சொன்னா, ஆரென்று தெரியாது என்று. ஆண்குரல் எங்கள் அண்ணையுடையது.

மத்தியானம் அவர் பின்பக்கத்தில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன், அந்தப் பெயர் கேட்கிறது என்று. அவர் திடுக்கிடவில்லை. பார்சலைத் திரும்பச் சுற்றி வைத்தார். அன்றைக்கு அந்த வீட்டு வேலிக்கு அங்கால் அந்தப் பெயருக்குரியவனுடைய ஆள் ஒருவன் நின்றான் என்றார். ஃபேனைப் பெலமாகப் போடச் சொன்னதும் தான்தான் என்றார்.

"அவ சத்தமாச் சொல்லியிருந்தா, இண்டைக்கு அவவுக்காகவும் ஆராவது வாக்குமூலம் குடுத்திருப்பினம். எனக்காகவும்தான். ரெண்டு பிள்ளையள் இருக்கு எனக்கு."

பிறகு ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன். அழிக்க மனம் வரவில்லை என்றார். அப்படியென்றால் நான் கேட்கவேண்டும் என்றுதானா அந்த இயர்போனைத் தந்தீர்கள் என்று கேட்டேன்.

"இல்லை தங்கச்சி. பழசு உரசி உங்கட காது புண்ணாப் போச்சுது. அதுக்குத்தான் தந்தனான்."

நான் என்ன எழுதப் போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போய்க் கதிரையில் இருந்து, முன்பு போட்ட 'தெளிவில்லை'யை அப்படியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் அந்தச் சந்தியால் சைக்கிளில் போய் வருகிறவள் நான். அந்த வாக்குமூலத்தின் அடியில் தட்டச்சு செய்தவர் என்று என்னுடைய கையெழுத்தும் இருக்கும். அண்ணையை நான் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு உயிரைக் காப்பாற்றவும் சேர்த்துச் செய்தார். நான் என்னை மட்டும் நினைத்துத்தான் செய்தேன்.

நாலு மாதத்தில் அண்ணை கட்டாருக்குப் போய்விட்டார். ரெக்கோடரைத் துணியில் சுற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஒருநாள் காலை அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தா. அன்றுதான் அவவை முதல்முதல் பார்க்கிறேன். அதுவரைக்கும் எனக்கு அவ ஒரு குரல் மட்டும்தான். நாற்பது வயது வராது, மெலிந்து போயிருந்தா. அம்மா கொழும்புக்குப் போயிருந்தார், நான் தனிய இருந்தேன். கதிரையில் இருக்கச் சொன்னேன். தன் வாக்குமூலத்தில் ஒரு விசயம் சேர்க்கவேண்டும் என்றா.

"கொண்டுபோனவன்ர பேரை நான் அண்டைக்குச் சொல்லேல்லை. வாய் வரேல்லை தங்கச்சி. சொல்லியிருந்தா அவரைத் தேடிப் பிடிச்சிருப்பினமோ எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன். என்ர பயத்தாலதான் அவர் போனவர்."

அந்தப் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். பதிவில் என்ன இருக்கிறது என்று அவவுக்குத் தெரியாது. ஆனால் அவ 'என்ர பயம்' என்றதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க ஏலாமல் போய்விட்டது. அலுமாரியில் இருந்து ரெக்கோடரை எடுத்து, இயர்போன் குமிழ்களை லேஞ்சித் துணியால் துடைத்து, அவவுடைய காதில் நானே வைத்துவிட்டேன். அந்த இடத்தைத் தேடிப் போட்டேன்.

அவ கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. முடிந்ததும் திரும்பப் போடும்படி கையால் காட்டினா. மூன்று தரம் கேட்டா. பிறகு இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

"நான் சொல்லியிருக்கிறன்," என்றா.

ஓம் என்றேன். பதிய வந்த தம்பி மறித்தது தனக்கு நினைவே இல்லை என்றா. சொல்லாமல் விட்டோம் என்ற நினைவு மட்டும்தான் இருந்ததாம். அவர் இப்போது எங்கே என்று கேட்டா, சொன்னேன். நல்லது, அங்கேயே சுகமாக இருக்கட்டும் என்றா. பிறகு நான் என்னுடையதையும் சொன்னேன். நாலைந்து மாதத்துக்கு முன்பே அந்தப் பெயர் எனக்குக் கேட்டது, கேட்டும் எழுதவில்லை, அந்தச் சந்தியால் தினமும் போகிறவள், பயந்துவிட்டேன் என்றேன். அவ திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இப்ப எழுதுங்கோ," என்றா.

எழுதினேன். அவவும் கையெழுத்து வைத்தா, நானும் வைத்தேன். அது கொழும்புக்குப் போனது. அதைப் பற்றி ஒரு கடிதமும் வரவில்லை. ஆரும் வந்து விசாரிக்கவும் இல்லை. அந்தப் பெயருக்குரியவன் முன்போலவே மோட்டார் சைக்கிளில் தெருவில் திரிந்தான். நான் இரண்டு மாதம் வேறு வழியால் சுற்றி வந்து, பிறகு களைத்துப்போய்ப் பழைய வழியிலேயே வரத் தொடங்கினேன்.

ஆறேழு மாதம் கழித்து அவனைச் சந்தைக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். ஆர் சுட்டது என்று எங்களுக்குத் தெரியவரவில்லை. அப்போது எங்கள் அலுவலகத்தையும் மூட முடிவாகியிருந்தது. ஒழுங்கையில் அடிக்கடி சோதனை நடந்ததால் பதிவுகளை எல்லாம் அழித்துவிடச் சொல்லி அம்மா உத்தரவு தந்திருந்தார். நான் அந்த வேலையில் இருந்தபோதுதான் அந்தப் பெண் திரும்பவும் வந்தா. செய்தி கேட்டு மனம் ஆறித்தான் வந்திருப்பா என்று நினைத்தேன். கதவடியில் நின்றபடியே அழத் தொடங்கிவிட்டா.

"செத்துப்போனான், தங்கச்சி. அவரை எங்க விட்டதெண்டு அவனுக்குத்தானே தெரியும். இனி நான் ஆரிட்டக் கேக்கிறது?"

உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு, அவனுடைய வீட்டுக்குப் போய் அவன் மனுசியிடம் கேட்டால் ஏதும் சொல்லுவாளோ என்று கேட்டா. போகவேண்டாம் என்று சொன்னேன். ஆனால் போயிருக்கிறா. எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள் போனதாகப் பிறகு தெருவில் கண்டபோது சொன்னா. அந்த மனுசி இவவைக் கண்டதும் ஆரென்று விளங்கிக்கொண்டு உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டிருக்கிறா. தன் புருசனை எங்கே விட்டதென்று இவ கேட்டாவாம். கடைசியில், "எனக்கு அவர் ஒண்டும் சொல்லுறதில்லை, அக்கா" என்று மட்டும் அந்த மனுசி சொன்னாவாம். அது உண்மைதான் என்று தனக்குத் தெரிந்தது என்றா. தன் புருசனும் வேலைக் கதையை வீட்டில் கதைப்பதில்லையாம்.