நெகட்டிவ் யாருடைய கையில்

கேதீஸ்வரி பயந்தவள். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. வல்வெட்டித்துறையில் அவளை அறிந்தவர்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். நாற்பத்தாறு வயது, தபாற்கந்தோரில் எழுதுநர், இருபது வருடச் சேவை. அப்படியிருந்தும் தன் பெயருக்கு ஒரு நீளமான அரசாங்கக் கடிதம் வந்தால், அரைமணி நேரம் உடைக்காமல் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். தெருவில் தனக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தால், சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து அதைப் போகவிடுவாள். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். ஊர் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிக்கிறவர்களும் தங்கள் வீட்டுக் கதவை இரண்டு தரமாவது இழுத்துப் பார்க்கிறவர்கள்தான்.

அப்படிப்பட்டவள் போன வருடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கொட்டி, புத்தம் புதிதாய் ஒரு பிலிம் கமெரா வாங்கினாள். கந்தோரில் அவளுக்குப் பக்கத்து மேசை றஜிந்தனுக்கு இதைக் கேட்டதும் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அவன் வார இறுதிகளில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகிறவன். விசயம் தெரிந்தவன்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? கையிலை போன் கிடக்கு. பிலிம் றோல் கொழும்பிலை இருந்து எடுக்கோணும். கழுவுறதுக்கும் கொழும்புக்குத்தான் அனுப்போணும். எடுத்தது வந்துதோ வரேல்லையோ எண்டு தெரிய ஒரு மாசம் செல்லும். உது ஸ்ரைல் காட்டுற பெடியள் வாங்கிற சாமான்."

"ஓம் தம்பி."

"சரி, ஆசையெண்டால் பழசொண்டு வாங்கலாமே. மலிவாய்க் கிடக்கும்."

"பழசை நம்பேலாது. உள்ளுக்கை வெளிச்சம் பூந்திட்டால்?"

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. கணக்குப் பார்த்தால் அந்தக் கமெரா நட்டம்தான். ஆனால் அவள் வாங்கியது கணக்குப் பார்த்தல்ல, அப்பாவுக்காக.

அப்பா சோமசேகரம், எழுபத்தெட்டு வயது, நாற்பது வருடம் கடலோடியவர். அவருக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, படம். கேதீஸ்வரி பள்ளிக்கூடம் போன சண்டைக் காலத்தில் வீட்டைச் சோதனை போட வருகிறவர்கள், எந்தப் பக்கத்து ஆட்களாக இருந்தாலும் சரி, முதலில் கேட்பது அல்பத்தைத்தான். ஒருமுறை வந்தவர்கள் ஒரு படத்தை உருவி எடுத்தார்கள். படகின் முன்பக்கத்து அணியத்தில் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிற படம். 'இந்த மூன்று பேரும் எங்கே?' என்பது கேள்வி. அப்பாவுக்கு மறுமொழி தெரியாது. அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு நாளைக்குப் பிறகு திரும்பி வந்தவர் அல்பம் முழுவதையும் வளவின் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினார். கலியாணப் படத்தையாவது விடுங்கோ என்று அம்மா காலில் விழுந்து அழுதாள். அதுவும் எரிந்தது.

அன்றிலிருந்து அவர் கமெராவின் முன் நின்றதில்லை. அம்மாவின் செத்தவீட்டிலும் வீடியோக்காரன் திரும்பிய பக்கமெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூத்தவன் சிவரூபன் கனடாவுக்குப் போய்ப் பதினெட்டு வருடம். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. திரும்பி வர வழியில்லை. அப்பா அவனோடு போனில் கதைப்பார், ஆனால் முகம் தெரிகிறமாதிரிக் கதைக்கச் சொன்னால் போனைக் கேதீஸ்வரியின் கையில் திணித்துவிட்டு எழும்பிவிடுவார்.

"முகம் அங்காலை போனால் பேந்து எங்கையெங்கை போகும் பிள்ளை? திருப்பி எடுக்கேலுமே?"

சிவரூபன் ஒருநாள் தங்கையிடம் மெதுவாகச் சொன்னான். "கேதி, அப்பான்ரை முகம் எனக்கு மறந்துகொண்டு வருது. கண்ணை மூடினால் குரல்தான் வருது. எப்பிடியாவது ஒரு படம் எடுத்து வை." அந்த ஒரு வசனம் அவளைப் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு இருப்பதாக டொக்டர் சொல்லியிருந்தார். படம் இல்லாமலே அப்பா போய்விடுவாரோ என்ற பயம் மற்ற எல்லாப் பயங்களையும் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்து நின்றது.

வழியைக் காட்டியதும் அப்பாதான், தெரியாமலே. "முந்தி ஸ்ரூடியோக்காரர் படத்தைக் கழுவினால் நெகட்டிவ்வையும் கையிலை தருவினம். அது என்னட்டை இருந்தால் இன்னொருத்தன் படம் அடிக்கேலாது. உந்தப் போனிலை நெகட்டிவ் ஆற்றை கையிலை?"

"பிலிம் கமெரா எண்டால் நெகட்டிவ் உங்கடை கையிலைதான், அப்பா."

மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "அப்ப எடு" என்றார்.

கமெரா கொழும்பிலிருந்து பெட்டியோடு வந்தது. ஒரு படத்துக்குரிய இடத்தில் இரண்டு படம் விழும் வகை. முப்பத்தாறு றோலில் எழுபத்திரண்டு எடுக்கலாம் என்று கடைக்காரன் சொன்னபோது அவளுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிலிமைப் போட்டாள். இழுப்பது கூடிவிட்டதோ, குறைந்துவிட்டதோ, உண்மையில் ஓடுகிறதோ என்று ஒவ்வொரு தரமும் இடப்பக்கத்துச் சிறு பிடி சுற்றுகிறதா என்று பார்த்தாள்.

அப்பா வெள்ளைச் சேட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு கிணற்றடியில் வந்து இருந்தார். முதல் ஆறு படத்துக்கும் நிலத்தைத்தான் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு "எத்தினை?" என்று கேட்டார். ஏழாவதில் நிமிர்ந்தார். பதினான்காவதில், எதற்கென்று தெரியாது, சிரித்தார். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு. உடனே "காணும், போதும்" என்று எழும்பிவிட்டார்.

அந்தச் சிரிப்பைக் கேதீஸ்வரி கமெராவின் கண்ணாடித் துளைக்குள்ளால் மட்டும்தான் கண்டாள்.

றோலில் இன்னும் ஐம்பத்தெட்டு இருந்தது. முடிக்காமல் அனுப்புவது அநியாயம் அல்லவா? முடியட்டும் என்று வைத்தாள். கந்தோருக்குக் கொண்டுபோகப் பயம், தெருவில் எடுக்கப் பயம். வீட்டுக்குள்ளேயே பூச்செடி, பூனை, பக்கத்து வீட்டுப் பூரணம் மாமியின் மாவிடிக்கிற கை என்று ஒன்றிரண்டாக எடுத்து, மூன்று மாதத்தில் நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபடியே அப்பா போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அடிப்பார்கள். செத்தவரின் வரலாறும் தேவாரமும் போட்ட சிறு புத்தகம். அட்டையில் அவருடைய படம். அச்சகத்துக்காரர் பத்தாம் நாளே படம் கேட்டார். இருந்தது அல்பம் எரிய முன் எடுத்த பழைய அடையாள அட்டைப் படம் மட்டும்; வேர்வையில் ஊறி, மூக்கும் வாயும் ஒன்றாகிப்போன படம். சிவரூபன் ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேட்டான். "கழுவி வந்துதோ? கேதி, அவரைக் கடைசியாய்ப் பாக்கவும் எனக்குக் குடுத்துவைக்கேல்லை. அந்தப் படத்தையாவது பாப்பம்."

இதில்தான் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. கமெராவின் அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தி, பிலிமைத் திருப்பிச் சுற்றி, நாற்பத்தொன்றோடு எடுத்து அனுப்பியிருக்கலாம். றஜிந்தனிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை. கமெராவோடு வந்த புத்தகத்தில் 'றோல் முடிந்த பிறகு திருப்பிச் சுற்றவும்' என்றுதான் போட்டிருந்தது. முடியமுன் திருப்பினால் அறுந்துபோய்விடும் என்று பயந்தாள். அவனிடம் கேட்டால் அவன் கையில் வாங்கித் திறந்துபார்ப்பான் என்று அதற்கும் பயந்தாள். மிச்சம் முப்பத்தொன்றையும் எடுத்து முடித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

சாவுத் துடக்கு கழியாத வீட்டுக்காரி கமெராவோடு திரிகிறாள் என்று ஊர் கதைக்கும். கதைக்கட்டும் என்று ஒரு நாள் பின்னேரம் வெளிக்கிட்டாள். கோழி, கிணறு, படலை, மதில் என்று வளவுக்குள் இருபத்திரண்டு போனது. மிச்சம் ஒன்பதுக்குக் கடற்கரைக்குப் போனாள். அங்கே கரையில் இழுத்து வைத்த படகுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அறுபத்துநான்கு, அறுபத்தைந்து, அறுபத்தாறு, அறுபத்தேழு.

அறுபத்தெட்டாவதை அழுத்திய பிறகுதான் கண்டாள். படகுக்குப் பின்னால், சரியாகப் படத்தின் நடுவில், காவற்கொட்டில். அதிலிருந்து சீருடை போட்ட ஒருவன் இறங்கி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

ஓடக்கூடாது என்பது தெரியும். ஓடினவர்களின் கதை தெரியும். திரும்பி நடக்கலாமா? அதுவும் ஓடுவதுபோல்தான் இருக்கும். நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவன் கிட்ட வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கையை நீட்டினான்.

"அக்கே, பொட்டக் பென்னண்ண."

பென்னண்ண. காட்டு. அந்த ஒரு சிங்களச் சொல் இங்கே எல்லாருக்கும் தெரியும். பையைப் பென்னண்ண, அட்டையைப் பென்னண்ண. இப்போது படத்தைக் காட்டச் சொல்கிறான். போன் வைத்திருக்கிறவன் என்ன செய்வான்? எடுத்துக் காட்டுவான், காவற்கொட்டில் விழுந்த படத்தை அவன் கண்ணுக்கு முன்னாலேயே அழிப்பான், சிரிப்பான், போவான். இதில் எதைக் காட்டுவது? எதை அழிப்பது? காட்டாவிட்டால் மறைக்கிறாள் என்பான். கமெராவைக் கொண்டுபோவான். கழுவிப் பார்ப்பார்கள். கழுவினால் அப்பாவின் முகம் அவர்கள் கையில். இந்தக் கிழவன் யார், எங்கே என்று கேட்பார்கள்.

அப்பா செத்து இருபது நாளாகிவிட்டது என்பது அந்த நேரம் அவளுக்கு நினைவில்லை.

"ஒண்டுமில்லை சேர், ஒண்டுமில்லை, இந்தா பாருங்கோ," என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கத்துப் பிடியை மேலே இழுத்தாள். பின்மூடி திறந்துகொண்டது. சுருளில் நகத்தைக் கொடுத்துப் பிலிமைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஒரு முழம், இரண்டு முழம், கடைசிவரை. பின்னேர வெயில் அதன்மேல் தாராளமாக விழுந்தது. "அழிச்சிட்டன் சேர். எல்லாம் அழிஞ்சுது."

"அய்யோ அக்கே, எபா! எபா!" வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டு அவன் பாய்ந்து வந்து தொப்பியைக் கழற்றிப் பிலிமின்மேல் மூடினான். அடிபட்டவன்போல் முகம் கோணிப்போயிருந்தது. தெரிந்த தமிழைத் தேடித் தேடிக் கதைத்தான். "ஏன் அக்கா இப்பிடி செய்தது? நான் கமெரா மட்டும் பாக்க கேட்டது. எனக்கு ஆசை. காசு சேக்கிறது. இந்தக் காலத்தில புதுசு வாங்கினா நல்லதா, அதுதான் கேக்க வந்தது."

அவள் பிலிமைச் சுருட்டத் தொடங்கினாள்.

"இதில நல்ல படம் இருந்ததா அக்கா?"

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். என்ரை அப்பா இருந்தார் என்று வாய்விட்டுக் கத்தியிருக்கலாம். அவன் சீருடையில் நின்றான். அவளுடைய வாய் தன் பாட்டில் வேலை செய்தது. "இல்லை சேர். கோழி, கிணறு. சும்மாதான்."

"அப்ப பறவாயில்லை," என்று அவன் மூச்சுவிட்டான். "கமெரா நல்லமா? வாங்கலாமா?"

"ஓம் சேர். நல்ல கமெரா. வாங்குங்கோ."

பிலிமைச் சுருட்டிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சைக்கிளை உருட்டி வந்தாள். வீட்டுக்கு வந்து, கதவைப் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் நிலத்தில் விழுந்து அழுதாள். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. கனடாவில் அப்போது என்ன நேரம் என்று பார்க்காமல் அண்ணனுக்கு எடுத்தாள்.

"அண்ணை, அப்பான்ரை படம் இல்லை. பிலிமை வெயிலுக்கை இழுத்துப்போட்டன். நான்தான்."

சிவரூபன் அதை நம்பவில்லை. பதினெட்டு வருடமாகத் தூரத்தில் இருந்தாலும் அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. "கேதி, உள்ளதைச் சொல்லு. ஆர் உன்னை வெருட்டினது? அடிச்சவங்களோ?"

யாராவது வெருட்டியிருக்கக்கூடாதா என்று அவளுக்கு இருந்தது. யாராவது அடித்துப் பறித்திருந்தால் எவ்வளவு நல்லாய் இருந்திருக்கும்.

"ஒருத்தரும் வெருட்டேல்லை அண்ணை," என்றாள். "கமெராவைப் பாக்கத் தாங்கோ எண்டுதான் கேட்டவன்."