நடுப்பக்கம்

பதினாறம்மா கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் தாளின் மடிப்பை ஒரே இழுப்பில் அழுத்துகிறார். சர்ரென்று ஒரு சத்தம். அடுத்த தாள். இந்தக் கரண்டி சமையலறையை விட்டு வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. திரும்பிப் போகவில்லை.

கவிதைப் புத்தகம் போடுகிறவர். எல்லாமே பதினாறு பக்கம். நான்கு தாளை மடித்து நடுவில் நூலால் தைத்தால் புத்தகம். பதினேழாவது பக்கம் கேட்கும் கவிஞர்களுக்கு ஒரே பதில்தான்: "பதினாறுல சொல்ல முடியாதது நூறுலயும் முடியாதுப்பா." பெயர் அப்படி வந்தது. "என்னம்மா, பதினாறும் பெத்தாச்சு, பெருவாழ்வு எப்போ?" என்பார் அச்சகக்காரர். "அது ரெண்டாம் பதிப்புல," என்பார் இவர். அறுபத்துமூன்று புத்தகங்களில் எதற்கும் இரண்டாம் பதிப்பு வந்ததில்லை.

அறையில் இரண்டு மேஜைகள், முதுகுக்கு முதுகு. ஒன்றில் இவர் மடிப்பார். மற்றதில் கணவர் தைப்பார். பகலெல்லாம் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. மாலையில் மெழுகுவத்தித் துண்டின் மேல் நூலை இழுத்து, ஊசியில் கோத்து உட்கார்ந்துவிடுவார். "கவிதையெல்லாம் எனக்கு எட்டாது. தைக்கச் சொல்லு, தைக்கிறேன்."

தைப்பதற்குப் புத்தகத்தை நடுவில் விரிக்க வேண்டும். எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் கண்ணெதிரே கிடக்கும். இருநூறு பிரதிக்கு இருநூறு தடவை. மற்றப் பக்கங்களை அவர் புரட்டியதே இல்லை. நடுப்பக்கம் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

மூன்றாவது புத்தகத்தில், சாப்பிட்ட தட்டை மேஜையிலேயே விட்டுப் போகிறவனைப் பற்றி ஒரு கவிதை தற்செயலாக நடுவில் விழுந்தது. மறுநாள் கணவர் தன் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினார். பதினாறம்மா அதைக் கவனித்துவைத்துக்கொண்டார். நான்காவது புத்தகத்திலிருந்து எதுவும் தற்செயல் இல்லை. முதல் பக்கத்துக்குத்தான் பெருமை என்று கவிஞர்கள் அடித்துக்கொள்வார்கள். இவர் விட்டுக்கொடுத்துவிடுவார். நடுப்பக்கத்தில் மட்டும் யாரையும் கை வைக்க விடமாட்டார்.

முதல் பிரதியைத் தைக்கும்போது கணவரின் ஊசி சற்று நிற்கும். படிக்கிறார் என்று அர்த்தம். இவருடைய கரண்டியும் நிற்கும். ஊசி நகர்ந்தால் கரண்டியும் நகரும். இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டதில்லை. பெரிய சண்டை ஒன்றுக்குப் பின் ஒருமுறை மட்டும் அவர் முணுமுணுத்தார்: "இந்தத் தடவை நடுப்பக்கத்துல காரம் கொஞ்சம் தூக்கல்."

"எழுதினவரைக் கேளுங்க," என்றார் இவர்.

மகள் பாலம் கட்டும் பொறியாளர். தூரத்து வேலைக்குப் போனாள் என்று அப்பா இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். ஒரு மாலை, பதினோராவது பிரதியைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை வைத்துவிட்டு எழுந்து தொலைபேசியில் கூப்பிட்டார். "சாப்பிட்டியாம்மா?" அப்பா தானாகவே மனம் மாறினார் என்றுதான் மகள் வெகுகாலம் நினைத்திருந்தாள். அந்தப் புத்தகத்தை நடுவில் விரித்துப் பார்த்தது போன மாதம்தான்.

அப்பா போய் ஐந்து மாதம். அறுபத்துநான்காவது புத்தகம், மருந்துக்கடைக்காரர் எழுதியது, அச்சுக்கே போகவில்லை.

"நடுப்பக்கம் இன்னும் கிடைக்கலை தம்பி."

"பதினாலு கவிதையும் உங்ககிட்டதானம்மா இருக்கு. எதையாவது போடுங்க."

"எதையாவது போட அது என்ன குப்பைக்கூடையா?"

அச்சகக்காரரும் வழி சொன்னார். "தைக்கவே வேணாம், பின் அடிச்சிடலாம்மா. மெஷின்ல டக் டக்குனு ரெண்டு அடி."

"மெஷின் படிக்குமா?" என்று கேட்டார் பதினாறம்மா. அச்சகக்காரருக்குப் புரியவில்லை.

மகள் சனிக்கிழமைதோறும் வருகிறாள். அப்பாவின் சான்றிதழ்கள், தொலைபேசி இணைப்பு, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக முடித்துவைத்தாள். ஒன்றுக்கும் அழவில்லை. "கல்லு மாதிரி இருக்காளே," என்றாள் சித்தி. "கல்லு இல்லடி. இறுக்கி மூடி வச்சிருக்கா," என்றார் பதினாறம்மா.

போன வாரம் மகள் காலி நாற்காலியைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒரு புத்தகத்துக்கு மூணு நிமிஷம். இருநூறு பிரதி. மொத்தம் பத்து மணி நேர வேலை. இதுக்குப் போய் அஞ்சு மாசமா? நான் தைக்கிறேன்."

"அந்த நாற்காலியில உட்கார்ந்தா?"

"வேற எங்கம்மா உட்கார்றது?"

அரை மணி நேரத்தில் மருந்துக்கடைக்குப் போன் போனது. "தம்பி, நடுப்பக்கம் கிடைச்சிடுச்சு."

இன்று சனிக்கிழமை. அச்சான தாள்கள் வந்துவிட்டன. பதினாறம்மா மடித்து, நான்கு நான்காகச் செருகிப் பின்னால் நீட்டுகிறார். மகள் நூலை மெழுகில் இழுத்து, முதல் பிரதியை நடுவில் விரிக்கிறாள். எட்டாம் பக்கம் வெறுமை. ஒன்பதில் நான்கே வரி. ஆளில்லாத வீடு. இறுக மூடிய குழாய். அதன் அடியில் யாரோ ஒரு வாளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஊசி முதல் துளையில் இறங்கியது. இரண்டாவதில் ஏறியது. நின்றது.

மடிப்பின் பாதியில் கரண்டியும் நின்றது. முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பதினாறம்மா திரும்பவில்லை. கரண்டியைத் தாளிலிருந்து எடுக்காமல், ஊசி மறுபடி நகரட்டும் என்று அப்படியே பிடித்திருந்தார்.