இங்கே ஒரு எரிமலை இருந்தால் தேவலை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் கௌரவம் மிஞ்சுகிறது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியிருந்த ஒரு மனிதரிடம், பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, "நீங்க பாத்ததிலேயே ரொம்ப அழகான காட்சி எது?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளும் ஆசை எல்லாம் இல்லை. பேச்சு சற்று ஓய்ந்திருந்தது. அந்த ஓட்டையை அடைக்க என் வாயைத் தவிர வேறொன்றும் கைக்கு அகப்படவில்லை. நான் கேட்டது ஒரு பந்தியில். அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அதற்குப் பிறகு வந்த அத்தனை பந்திகளிலும்.

அந்த மனிதர் என் ஷட்டகர். என் மனைவியின் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர். மைலாப்பூரில் குளத்துக்கு வடக்கே இருந்த எங்கள் மாமனார் வீட்டில் அவர் மூத்த மாப்பிள்ளை. நான் இன்னொரு மாப்பிள்ளை. பட்டாளத்தில் கணக்கு உத்தியோகம் அவருக்கு. துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை என்றாலும், அதைத் தொட்டவர்களின் சம்பளத்தைக் கூட்டிக் கழித்தபடியே எகிப்து, இத்தாலி என்று சுற்றியவர், விடுமுறைக்கு சுவிட்சர்லாந்து வரைக்கும் போயிருந்தார். அந்த வருஷங்கள் முழுவதும் அவர் மனைவி மைலாப்பூரில் பிறந்த வீட்டு அடுக்களையில் இருந்தாள். நானும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் நைல் நதியில் சூரியன் முங்கி எழுந்ததை வர்ணிக்கும்போது அக்கா பரிமாறிக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் எதுவும் தெரியாது. நெய் மட்டும் அவர் இலையில் கொஞ்சம் குறைவாக விழுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நான் பார்த்த உலகம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை. அதையும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால்தான் பார்க்க முடியும். நின்றால் முன்னால் நிற்பவரின் பிடரிதான் காட்சி. ஷட்டகர் இதையும் விட்டுவைக்கவில்லை. "நம்ம மாப்பிள்ளையும் தேசாந்தரம் போனவர்தான். ஜப்பான்காரன் குண்டு போடறான்னு சொன்னதும் அரக்கோணம் வரைக்கும் போய்ட்டு வந்திருக்கார்" என்றார் ஒரு நாள். பந்தியே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான். நாலு பேர் நடுவில் என்னை அடித்தால் முதலில் கைதட்டுகிறவன் நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்குப் போன பிறகுதான் எரியும்.

ஆனாலும் அரக்கோணத்துக்காக நான் அவர்மேல் கறுவவில்லை. என் பகை அடையாற்றுப் பாலத்தில் ஆரம்பித்தது.

மாமனார் வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், காப்பி முடிந்ததும் நானும் என் மனைவியும் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கழன்றுகொள்வோம். சாந்தோம் வழியாக நடந்தால் பாலம். கூட்டுக் குடும்பத்துக்கு நடுவே கல்யாணமான எங்களுக்குத் தனியாக வாய்த்த இடம் அது ஒன்றுதான். சூரியன் மேற்கே, நம் முதுகுக்குப் பின்னால் விழும். ஆனால் கூத்து முழுவதும் கிழக்கே நடக்கும். முகத்துவாரத்துத் தண்ணீர் முதலில் தவிட்டு நிறமாக, பிறகு செம்பு நிறமாக மாறும். மணல் திட்டில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகளெல்லாம் திடீரென்று ரோஜா நிறமாகிவிடும். தெற்குக் கரைத் தோப்பு மட்டும் இருட்டிக்கொண்டே போகும். கடைசியில் கடல், வெள்ளையாக ஒரே ஒரு கோடு. என் மனைவி கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "இதுக்கு மேல என்ன இருக்கு?" என்பாள். நான் ஏதோ அந்த ஆற்றை என் சம்பளத்தில் வாங்கி அவளுக்குப் போட்ட மாதிரி நிமிர்ந்து நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டகரும் கூட வந்தார். வருகிறேன் என்பவரை வராதே என்று எப்படிச் சொல்வது? பாலத்தின் நடுவில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, தோப்புக்கு மேலே இருந்த ஆகாயத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை ஓய். இங்கே ஒரு எரிமலை இருந்தா தேவலை. நேப்பிள்ஸ்ல இருக்கு."

எனக்குத் தெரிந்து அடையாற்றில் எரிமலை இல்லை என்று அதுவரை யாரும் குறைப்பட்டதில்லை. ஆனால் அவர் கையை எடுத்த பிறகு அந்த இடம் காலியாகவே இருந்தது. அடுத்த வாரம் நாங்கள் இருவர் மட்டும் போனபோது என் மனைவி தோப்புக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அத்திம்பேர் சொன்னது சரிதான். அந்த எடம் மொட்டையாத்தான் இருக்கு" என்றாள். கொக்குகளை அவள் பார்க்கவே இல்லை. அதற்கு மறு வாரம், கால் வலிக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

ஒருவன் என் செருப்பைத் திருடியிருந்தால் மன்னித்திருப்பேன். இவர் என் ஆற்றைத் திருடி, அதில் ஓர் ஓட்டையையும் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். இந்த மனிதரை, இவர் பார்த்த காட்சியை வைத்தே, என் மனைவியின் கண் முன்னால் தலைகுனிய வைக்காவிட்டால் நான் மனுஷனில்லை என்று சபதம் எடுத்தேன். சபதம் எடுத்த இடம் மாம்பலம் ஸ்டேஷன், பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அதனால் அது பூர்த்தியாகவில்லையோ என்று இன்றும் தோன்றுகிறது.

நவராத்திரி வந்தது. வருஷா வருஷம் கொலுப்படிக்குப் பக்கத்தில் மண் கொட்டி ஒரு பூங்காவோ கோயில் குளமோ அமைப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த வருஷம் மூத்த மாப்பிள்ளையின் மேற்பார்வையில் சுவிட்சர்லாந்து என்று மாமனார் அறிவித்துவிட்டார். கூடத்து மூலையில் செங்கல்லை அடுக்கி, மேலே களிமண் அப்பி, இடுப்பு உயரத்துக்கு ஒரு மலை எழும்பியது. அடிவாரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி, அதுதான் ஏரி. சரிவுகளில் புல்வெளிக்காகக் கேழ்வரகு விதைத்தோம். உச்சியில் பனிக்குப் பஞ்சு. திட்டம் அவருடையது. மண் சுமந்ததும் விதைத்ததும் நான், தினம் தண்ணீர் தெளிக்கிற பொறுப்பும் எனக்கு. "பச்சை வாடப்படாது, ஓய்" என்பது உத்தரவு.

உச்சியில் பஞ்சு போர்த்துவதற்கு முந்தின நாள்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பஞ்சுக்கு அடியில் கொள்ளு நட்டுவிட்டால்? கொள்ளு முட்டிக்கொண்டு முளைக்கிற சாதி. நாலாம் நாள் பனியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். கூடம் நிறையப் பெண்கள் வந்து பார்க்கிற நேரத்தில் ஆல்ப்ஸ் மலைக்குத் தாடி முளைத்திருக்கும். முக்கியமாக, அதை எடுத்து எறியவும் முடியாது. கலசம் வைத்த பிறகு கொலுவில் எதையும் கலைக்கக் கூடாது. விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்த பிறகுதான் மேலே கை வைக்கலாம். அதுவரை தினமும் சாயங்காலம் அவர் அந்தத் தாடிக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். சாஸ்திரமே என் கட்சி.

கடையில் கொள்ளு வாங்கினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று, மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டுகிறவரிடம் போய் ஒரு பிடி கேட்டேன். அவர் குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா அய்ரே, வண்டிய நீ இஸ்துக்கினு போவப்போறியா?"

ஒரு ஆராய்ச்சிக்கு என்றேன். குதிரை என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. வாங்கிய கொள்ளை ஊறவைத்து, மறுநாள் பஞ்சு போர்த்தும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, உச்சி முழுக்க விரலால் அழுத்தி அழுத்தி நட்டேன். அவ்வளவு சிரத்தையோடு நான் ஆபீஸில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. தினமும் ஆபீஸ் விட்டு நேரே மைலாப்பூர் போய் மலைக்குத் தண்ணீர் தெளித்தேன். சின்ன மாப்பிள்ளைக்கு என்ன பொறுப்பு என்று மாமியார் கண்கலங்கினாள்.

கொள்ளு வாக்குத் தவறவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் கூடத்தில் பட்டுப்புடவைகள் கொள்ளாமல் இருந்தன. பாட்டு ஒன்று முடிந்த சமயம், எதிர்வீட்டு மாமி மலையைச் சுட்டி, "இதென்ன, மலைக்கு ரோமம் மொளச்சிருக்கு?" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். பஞ்சு அங்கங்கே பிய்ந்து, இளம்பச்சைத் தண்டுகளின் தலையில் தொப்பி தொப்பியாக நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷட்டகர் குனிந்து பார்த்தார். அவர் காது சிவப்பதைக் கண்டேன். அடையாற்றுக் கொக்குகூட அந்த நிறத்துக்கு வந்ததில்லை. என் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கணம், நான் உலகத்தில் பார்த்த காட்சிகளிலேயே ஆக அழகானது அதுதான்.

அவர் நிமிர்ந்தார்.

"நன்னாக் கிட்ட வந்து பாருங்கோ. வசந்த காலத்துல பனி உருகறச்சே, அடியிலேர்ந்து புல்லு இப்படித்தான் பனியைத் தூக்கிண்டு வரும். நாலஞ்சு ராஜ்யம் சுத்தினேன். இதைவிட அழகா எங்கேயும் பாக்கலை. அதுக்காகத்தான் இதைச் செஞ்சேன்."

கூடம் மூச்சுவிட்டது. எதிர்வீட்டு மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். என் மனைவி பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "நேர்ல பாத்தேளா, அத்திம்பேர்?" என்று கேட்டாள். பாலத்தில் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பார்த்த அதே கண்.

அதற்குப் பிறகு மாட வீதிகள் முழுக்கச் செய்தி பரவி, இதைப் பார்க்கவே ஜனங்கள் வந்தார்கள். கலைக்கக் கூடாது என்ற சாஸ்திரம் இப்போது அவர் கட்சிக்குப் போய்விட்டது. தினமும் சாயங்காலம் அவர் வசந்த காலத்தைச் சொன்னார். தண்ணீர் தெளித்தது நான்.

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம், மிச்சக் கொள்ளு என் கைக்குட்டையில் முடிந்திருப்பது ஞாபகம் வந்து, அதை எறிந்துவிட்டு வரக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே அக்கா பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த முடிச்சைப் பார்த்துவிட்டு, இடுப்பில் சொருகியிருந்த எதையோ எடுத்து நீட்டினாள். மலை உச்சியிலிருந்து கிள்ளிய ஒரு முளை. வேரில் விதைத்தோல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

இவள் உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரக்கோணத்தோடு கொள்ளும் சேர்ந்துகொள்ளும். ஆயுசு முழுக்கப் பந்திக்குப் பந்தி பரிமாறுவார்கள். என் மனைவி என்னோடு பாலத்துக்கு வருவது இருக்கட்டும், தெருவில் கூட நடக்கமாட்டாள். அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாலத்தைச் சொன்னேன், தோப்புக்கு மேலே அவர் வைத்த கையைச் சொன்னேன், எரிமலையைச் சொன்னேன். உங்க ஆத்துக்காரர் வாயை ஒரு நாளாவது மூடப் பார்த்தேன் அக்கா, அது இன்னும் பெரிதாகத் திறந்துகொண்டது, தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கும்பிட்டேன்.

அக்கா கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். முளையைத் துளசி மாடத்துப் பக்கம் வீசிவிட்டு, கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"கொள்ளு போறாது, மொச்சைக்கொட்டை போட்டிருக்கணும்."