ரோவில் வீட்டு வாசலில் கிடந்த கசாக் விரிப்பு

போன மாதம் கசகஸ்தான் போனபோது, ரோவில் பகுதியில் இருக்கும் அன்ரிக்காக அல்மாட்டி சந்தையில் அரைநாள் அலைந்து ஒரு கம்பளி விரிப்பு வாங்கினேன். ஆட்டுக்கொம்பு வடிவங்களைக் கையால் தைத்தது. சுவரில் மாட்டுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இன்று அவர் வீட்டுக்குப் போனால், அது வாசலில் கிடக்கிறது. மேலே சேற்றுச் சப்பாத்துகள்.

"அன்ரி, இது கால் துடைக்கிறதுக்கில்லை!"

"ஏன் பிள்ளை? நல்ல தடிப்பா இருக்கு. சேறெல்லாம் இழுக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சப்பாத்துகளைத் தள்ளிவிட்டு, விரிப்பை உதறிச் சுருட்டினேன்.

"என்ன, தந்ததைத் திருப்பிக் கொண்டு போறியோ?"

"ஓம் அன்ரி."

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். நான் வீடு சேரும் முன்பே அம்மாவுக்குப் போன் போய்விட்டது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்!

நீங்களே சொல்லுங்கள், யார் கேட்க வேண்டும்? அன்ரியின் சொந்தக்காரர்கள் பதில் போட வேண்டாம்.