நானே திருத்திய நோட்டு

ஐந்தாம் வகுப்பில் எனக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் டீச்சர். இன்னொருவர் நான். இருவரில் நான்தான் கண்டிப்பானவன்.

இது நினைவுக்கு வரக் காரணம் என் மகளின் பள்ளிக்கூடம். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில், குழந்தைகள் இனி தரையில் உட்கார்ந்து தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள், வீட்டுப்பாடம் கிடையாது என்று ஓர் அம்மையார் திரையில் படம் போட்டு விளக்கினார். ஏதோ புதிதாக ஒரு கண்டத்தைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "திண்டுக்கல்ல இது முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடியே வந்துருச்சுங்க. டீசி வாங்குற வரைக்கும் போச்சு" என்றேன். அவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் நான் பள்ளிக்கூடத்தில் கற்றது ஒன்றுதான்: எந்த வாத்தியாருக்கு எந்தக் கையில் பலம் அதிகம் என்பது. கடைசி பெஞ்சு எனக்கென்றே செய்தது போலிருக்கும். ஐந்தாம் வகுப்பில் ஒரு புது டீச்சர் வந்தார். எரியோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். முதல் நாளே பெஞ்சுகளையெல்லாம் எங்களிடமே வராந்தாவுக்குத் தூக்கிப் போடச் சொன்னார். கடைசி பெஞ்சோடு என் முகவரியும் போயிற்று. எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். வட்டத்தில் கடைசி எது?

"கேள்விய நீங்க கேளுங்க. தெரிஞ்சாச் சொல்றேன். தெரியலைன்னா போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார் டீச்சர்.

சொன்னபடியே போகவும் செய்தோம். பஸ் ஸ்டாண்டில் நின்று, நாலு ஐம்பதுக்கு வரவேண்டிய எரியோடு பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று கழித்தோம். பழ மண்டியில் சிறுமலை வாழைப்பழத்தைத் தோலோடு ஒருமுறை, தோலில்லாமல் ஒருமுறை எடை போட்டோம். சோதனை முடிந்த பழங்களை நாற்பது பேரும் மிகுந்த ஆராய்ச்சி மனப்பான்மையோடு தின்றோம்.

டீச்சரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எவனுக்கு எது தெரியுமோ அதை அவன் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தோல் மண்டியில் வேலை, வருகிற தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது. அவரோடு போய் அது மட்டும் எனக்கும் கைவந்திருந்தது. ஆகவே ஒரு வெள்ளாட்டுத்தோல் துண்டையும் ஒரு செம்மறித்தோல் துண்டையும் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு எது எதென்று சொல்லச் சொன்னேன். நாற்பது பேரும் திணறினார்கள். டீச்சரும் கண்ணை மூடித் தடவிப் பார்த்துத் தப்பாகச் சொன்னார். "எப்படிடா கண்டுபிடிக்கிறே?" என்று நாற்பது வாய் என்னைக் கேட்டது. என்னை யாரும் எதையும் அப்படிக் கேட்டதேயில்லை. மறுநாள் முதல் அம்மா இழுக்காமலே பள்ளிக்கூடம் போனேன்.

கெடுத்தது மாமா. அம்மாவின் தம்பி. அவர் மகன் டை கட்டுகிற பள்ளிக்கூடத்தில் படித்தான். பஸ் ஸ்டாண்டில் எங்கள் வகுப்பைக் கண்ட மாமா, நேராக வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், ஒங்க மகன் பள்ளிக்கூடத்துக்குப் போறானா, கண்டக்டர் வேலைக்குப் போறானா? பஸ் வந்த நேரத்தையெல்லாம் எழுதிக்கிட்டு நிக்கிறான்!"

அத்தா என் பையைத் திறந்து நோட்டை எடுத்தார். வாழைப்பழப் படம் இருந்தது. பஸ் நேரம் இருந்தது. அதிகம் பேசாத அத்தா அன்று பேசினார்.

"தோலுன்னா தடவிப் பாத்து மொதத் தரம், ரெண்டாந் தரம்னு சொல்லிப்புடுவேன். ஒம் படிப்புல எதைடா தடவிப் பாக்குறது? மார்க்கு இல்ல, செவப்பு மை இல்ல. அரைப் பரீட்சை லீவு வரைக்கும் பாப்பேன். நோட்டுல ஒண்ணும் தெரியலைன்னா டீசிய வாங்கி மாமா மகன் பள்ளிக்கூடத்துல போட்டுருவேன்."

"அங்க டையெல்லாம் கட்டணுமாமே. இவனுக்கு டவுசரே இடுப்புல நிக்காதே" என்றார் அம்மா. என் தரப்பில் வைக்கப்பட்ட ஒரே வாதம் அதுதான்.

மறுநாள் டீச்சரிடம் வீட்டுப்பாடம் கேட்டேன். "எதுக்குப்பா? வீட்ல வேற வேலை இல்லையா?" என்றார். இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். இந்த வட்டத்தை விட்டு நான் போவதாக இல்லை. வீட்டுப்பாடத்தை நானே எனக்குக் கொடுப்பேன், நானே எழுதுவேன், நானே திருத்துவேன்.

அத்தா மண்டியிலிருந்து வந்ததும் குளித்து, தோல் வாடை அடிக்கும் வேலைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மஃரிபுக்குப் பள்ளிவாசல் போவார். தொழுகை முடிந்து டீக்கடையில் பேசிவிட்டு வர முக்கால் மணி நேரம். தோல் கட்டுகளுக்குச் சீட்டு எழுதும் சிவப்புப் பேனா வேலைச் சட்டைப் பையிலேயே இருக்கும். அந்த முக்கால் மணி நேரம்தான் என் பள்ளிக்கூடம்.

புத்தகத்தில் டீச்சர் தொடாமல் விட்ட பயிற்சிக் கணக்குகளை நீல மையில் போடுவேன். பிறகு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சிவப்புப் பேனாவோடு ஆசிரியராக வந்து உட்காருவேன். "கவனம் தேவை." "கையெழுத்து திருந்த வேண்டும்." பழைய வாத்தியார்கள் எனக்குச் செய்ததையெல்லாம் நான் எனக்குச் செய்தேன். ஒருநாள் கோபம் மிஞ்சி, "நாளை பெற்றோரை அழைத்து வரவும்" என்று எழுதிவிட்டு, உடனே அந்தத் தாளையே கிழித்தேன்.

பத்துக்குப் பத்து போட்டால் அத்தா நம்பமாட்டார். அவருக்கு என்னைத் தெரியும். ஆகவே ஆறோ ஏழோதான் போடவேண்டும். அதற்கு மூன்று நான்கு கணக்கு தப்பாக இருக்கவேண்டும். அங்கேதான் சிக்கல். வேண்டுமென்று தப்பாகப் போட வேண்டுமானால் சரியான விடை தெரிந்திருக்க வேண்டுமே. எனக்கோ இரண்டும் தெரியாது. எனவே மறுநாள் வட்டத்தில் கை தூக்கினேன்.

"டீச்சர், முக்காலையும் ஆறுல அஞ்சையும் கூட்டுனா எம்புட்டு?"

"இது ஒனக்கா தோணுச்சா?"

"ஆமா டீச்சர். காலையில பல்லு வெளக்கும்போது தோணுச்சு."

டீச்சர் சில்லறையை எடுத்தார். பிறகு வாழைப்பழம் வாங்கிவர ஆள் அனுப்பினார். பழத்தை நறுக்கி நறுக்கிக் கூட்டினோம். அதற்குப் பிறகு தினமும் பல் விளக்கும்போது எனக்கு ஏதாவது தோன்றிக்கொண்டே இருந்தது. டீச்சரும் சலிக்காமல் பதில் தேடித் தந்தார்.

பள்ளிவாசலிலிருந்து வந்ததும் அத்தா நோட்டைக் கேட்பார். முன்பக்கத்தைப் பார்ப்பார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டை விரலால் மெல்லத் தடவுவார். தோலில் பழகிய கை. தோலின் உண்மை பின்பக்கத்தில்தான் தெரியும் என்பார். நான் பேனாவை உழுவது போல் அழுத்தி எழுதுகிறவன். நீலமும் சிவப்பும் ஒரே மாதிரி தாளின் பின்னால் புடைத்திருக்கும். விரல் ஓரிடத்தில் நிற்கும், நகரும், மறுபடி நிற்கும்.

"ம். கண்டிசனான டீச்சராத்தான் இருக்காக" என்று நோட்டைத் திருப்பித் தருவார்.

அரைப் பரீட்சை லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, அத்தரின் வாசனையோடு அத்தா எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் என் நோட்டு. டீச்சர் எங்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார். என் காதில் பாங்கு போல ஏதோ முழங்கியது.

"டீச்சர், பையன் நோட்டு. நல்லாத் திருத்திருக்கீக. ஒருவாட்டி பாத்துட்டுக் குடுங்க."

டீச்சர் வாங்கினார். முதல் பக்கத்தில், தன் பெயரில் நான் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் நாற்பது பேர் முதுகுக்குப் பின்னால் ஒளிய முயன்றேன். வட்டத்தில் முதுகே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒரு பேனா குடுங்க" என்றார் டீச்சர்.

அத்தா வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் ஒரு கணக்கைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இது தப்பு. ரைட்டு போட்டுருக்கு. திருத்தும்போது செத்த அசந்தாச்சு போல. மத்ததெல்லாம் சரியாத் திருத்திருக்கு."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மாணவனாக அல்ல, ஆசிரியராக. இரண்டு மாதம் உயிரைக் கொடுத்துத் திருத்தியவனுக்கு இப்படி ஒரு அவப்பெயரா?

டீச்சர் முதல் பக்கத்துக்குத் திரும்பி, என் கையெழுத்துக்கு அடியில் கையெழுத்துப் போட்டார். மேலே என் கையெழுத்து, கீழே அவர் கையெழுத்து. இரண்டுக்கும் தூரத்து உறவுகூட இல்லை. அத்தா இரண்டையும் பார்த்தார்.

"டீசி எதுவும் கேட்டு வந்தீங்களா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். இங்கயே இருக்கட்டும். வாரேன்."

அவ்வளவுதான். லீவு முடிந்து அதே வட்டத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தேன். மாமா வந்து கேட்டபோது, அத்தா என் நோட்டை எடுத்து நீட்டி, "தடவிப் பாரு மாப்ள" என்றார். மாமாவுக்கு எந்தப் பக்கம் தடவுவது என்று தெரியவில்லை.

இரண்டு பெரிய மனிதர்களை ஏமாற்றிவிட்ட பெருமிதத்தில் வருடம் முழுக்க என் பள்ளிக்கூடத்தை நடத்தினேன். வேலைச் சட்டையை விட்டு அகலாத பேனா அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டைக்கு எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. சீட்டு எழுதியே இரண்டு வாரத்துக்கு ஒரு ரீஃபில் தீர்ந்துவிடுகிறது என்று முன்பெல்லாம் அத்தா சலித்துக்கொள்வார். என் திருத்தலும் சேர்ந்த பிறகு, அந்தப் பேனா ஒரு மாலைகூட எழுதாமல் நின்றதில்லை. நல்ல கம்பெனிப் பேனா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எனக்கு நானே பத்துக்கு ஆறு போட்டேன்.